நான்காம் எண் அழுகை

அலாரம் அடித்ததும் எழுந்தான். மின்விசிறியை நிறுத்தினான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பல் துலக்கினான். பால் பொங்குவதற்கு முன் வந்து அடுப்பை அணைத்தான். ஒரு முட்டையை வேகவைத்து, உப்புப் போடாமல், நின்றபடியே தின்றான். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி போடாமல் மாட்டிக்கொண்டான். கேஸை மூடினான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

லிஃப்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரும், ஐந்தாம் மாடியில் இருக்கும் பல் டாக்டரும்.

"நேத்து நியூஸ் பாத்தீங்களா? நூத்திச் சொச்சம் பேராம்" என்றார் செயலாளர்.

"எங்க?"

"அங்கதான், அந்தச் சண்டை நடக்குதே."

"ஓ, அங்கயா." பல் டாக்டர் மூச்சு விட்டார். "நான் இங்கதான் எங்கயோன்னு பயந்துட்டேன். மொட்டை மாடி டேங்க் கழுவ ஆள் வரேன்னு சொன்னானே, வந்தானா?"

"நாளைக்கு வரான்." செயலாளர் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க சேனல்ல எத்தனைன்னு போட்டீங்க?"

"நூத்தி இருபத்தெட்டு."

"மத்தவன் நூத்தி நாப்பதுன்னு போட்டுட்டான். நீங்க எப்பவும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கீங்க."

பல் டாக்டர் சிரித்தார். லிஃப்ட் தரைக்கு வந்தது. அவரவர் வண்டியைப் பார்க்கப் போனார்கள்.

சேனலில் அவன் பெயர் மியூட்டு. ஒலிக்கலவை அவன் வேலை. செய்திப் படத்துக்கு எந்தச் சத்தம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைப்பது, வேண்டாததை எடுப்பது. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். மனைவி செத்த பிறகு இப்படி ஆகிவிட்டான் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். அதற்கு முன்பும் அவன் அப்படித்தான். வீட்டில் இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் போர்ப் படங்கள் ஒரு செய்தி நிறுவனத்திடமிருந்து வரும். பாதிப் படங்களுக்குச் சத்தமே இருக்காது. மீதியில் காற்றும் இயந்திர இரைச்சலும்தான். ஓசையில்லாமல் ஒரு கட்டடம் சரிந்தால் பார்க்கிறவனுக்கு அது கட்டடமாகத் தெரியாது, அட்டைப்பெட்டியாகத் தெரியும். அதனால் இந்தச் சேனலில் ஒரு பழக்கம். கணினியில் 'அழுகை' என்று ஒரு கோப்புறை. ஒன்று, ஆண்கள். இரண்டு, கூட்டம். மூன்று, குழந்தை. நான்கு, பெண், தனியாக. இப்படி ஏழு வரை உண்டு. படத்துக்கு ஏற்றதை எடுத்து அடியில் வைத்துவிட்டு, செய்தி வாசிப்பவர் குரல் வரும்போது தணித்துவிட வேண்டும். எந்த நாட்டுச் சாவுக்கும் அந்த ஏழுதான்.

நான்காம் எண் அவன் மனைவியுடையது. அவள் டப்பிங் கலைஞர். ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தவளை அப்படியே பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரே டேக்கில் அழுதாள். முடிந்ததும், பசிக்கிறது என்று அவன் டப்பாவிலேயே பாதியைக் காலி செய்துவிட்டுப் போனாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஐந்தாம் நாள் துணி சுற்றி வந்தாள். நான்காம் எண் மட்டும் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. இதுவரை மூன்று போர்களிலும் ஒரு நிலநடுக்கத்திலும் அழுதிருக்கிறாள். அவன் அதைக் கேட்பதில்லை. திரையில் அந்த ஒலியின் கோட்டைப் பார்ப்பான். முதலில் ஒரு சின்ன மேடு, பிறகு மூன்று குன்றுகள், பிறகு சரிவு. எங்கே வெட்ட வேண்டும் என்று கைக்கே தெரியும்.

அன்று காலை அவன் நாற்காலியில் உட்காரும் முன்பே அக்கா வந்துவிட்டாள். செய்தித் தயாரிப்பாளர். அவளை விட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மியூட்டு, இதப் பாரு. இப்பத்தான் வந்தது. இடிஞ்ச வீட்டு முன்னாடி ஒருத்தி நின்னு கத்துறா. பிரமாதமான ஷாட். ஆனா பாவி, அழ மாட்டேங்கிறா."

திரையில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தலைமுடி முழுக்கச் சிமெண்டுத் தூள். ஒரு கையைக் கேமராவை நோக்கி நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் எங்கோ ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றா?"

"யாருக்குத் தெரியும்? அந்தப் பாஷை இங்க எவனுக்கு வரும்? வாயசைப்புக்கு நானே எழுதிட்டேன்." தாளைப் பார்த்து வாசித்தாள். "'எல்லாம் போச்சு. எங்களுக்குன்னு யாரும் இல்ல. கடவுளுக்குக் கண்ணில்லையா?' நம்ம குரல் பொண்ணு படிச்சிடுவா. நீ கீழ நாலப் போடு."

"அவ அழலையேக்கா."

"அதனாலதான் போடச் சொல்றேன். வீடு இடிஞ்சு அழாம நின்னா எவன் நம்புவான்?"

அவன் நாலைப் போட்டான். எட்டு மணிச் செய்தியில் அந்தப் பெண் வந்தாள், கடவுளுக்குக் கண்ணில்லையா என்று கேட்டாள், போனாள். அடுத்து வானிலை.

மதியம் சகலை கூப்பிட்டார். அவன் மனைவியின் அக்காள் புருஷன். அந்த நாட்டில் ஒரு ஓட்டலில் ஒன்பது வருஷம் கணக்கராக இருந்தவர். சண்டை வலுத்ததும் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்து, இப்போது டயர் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். அந்த நாட்டைப் பற்றி யாராவது கேட்டால், பஸ்ஸெல்லாம் ஏசி, பழமெல்லாம் கொள்ளை மலிவு என்பார். அதற்கு மேல் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சகலை, சாப்ட்டியா?"

"ம்."

"என்ன ம்? காலைல ஒரு முட்டை, மத்தியானம் ஒரு ம். இப்படியே போனா உன்னை மடிச்சுப் பையில வெச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை வந்து ஒழுங்கா சாப்பிடச் சொன்னா வீட்ல. சரி அத விடு. காலைல கேன்டீன்ல உங்க சேனல் ஓடிச்சு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

"என்ன?"

"அந்தப் பொம்பள கடவுளுக்குக் கண்ணில்லையான்னு கேக்குறாளாமே. அவ எங்கய்யா கடவுளக் கூப்பிட்டா? ஏதோ மெஷின நிறுத்துங்கன்னு சொல்றா. நாலு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல எவளோ ஒருத்தி ஓன்னு ஒப்பாரி வெச்சா எப்படிக் கேக்கும்?"

அந்த எவளோ ஒருத்தி தன் சொந்தக் கொழுந்தியாள் என்று சகலைக்குத் தெரியாது. அவன் சொல்லவுமில்லை.

"முழுசா அனுப்பினா கேட்டுச் சொல்றீங்களா?"

"அனுப்பு. இங்க ஆடிட் நடக்குது. மெதுவாத்தான் பாப்பேன்."

மெதுவாகப் பார்க்கவில்லை. அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே திரும்பக் கூப்பிட்டார். குரலில் கேலி பாதி குறைந்திருந்தது.

"கேமராக்காரங்கள ஜெனரேட்டர நிறுத்தச் சொல்றா சகலை. அவ பொண்ணு உள்ள மாட்டிட்டிருக்காம். தட்டுறாளாம். இந்தச் சத்தத்துல எந்தப் பக்கம்னு தெரியல, கொஞ்சம் சும்மா இருங்கன்னு சொல்றா. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றா."

"அப்புறம்?"

"அப்புறம் குனிஞ்சு கல்லுகிட்ட ஏதோ பேசுறா. அது ஒரே உர்ருன்னு இருக்கு. சுத்தம் பண்ணி அனுப்பினா பாக்கலாம்."

"அப்ப அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா."

"எப்ப எடுத்தது இது?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து இருந்திருக்கு" என்றார்.

அவன் செய்தி நிறுவனத்தின் முகவரிக்கு எழுதினான். உங்கள் படத்தில் இருக்கும் பெண், இடிபாட்டுக்குள் ஆள் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறாள், அங்கே இருப்பவர்களுக்கு உடனே தெரிவியுங்கள் என்று. அனுப்பிக் கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தொடர்பு கொண்டதற்கு நன்றி. உங்கள் புகார் ஒலித் தரம் குறித்ததா, படத் தரம் குறித்ததா? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

அவன் ஒலித் தரம் என்பதைத் தேர்ந்தெடுத்தான். வேறு எதையும் தேர்ந்தெடுக்க வழியில்லை. இரண்டு வேலை நாட்களுக்குள் கவனிக்கப்படும் என்று வந்தது.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்தான். ஜெனரேட்டர் சத்தத்தை எடுப்பது அவனுக்குக் கைவந்த வேலை. அடி உறுமலை முதலில் வழித்தான். பிறகு அதன் மேல் ஏறியிருந்த ரீங்காரத்தை. பிறகு காற்றை. வழிக்க வழிக்க அந்த இடம் வெறிச்சோடியது. பெண்ணின் குரல் மட்டும் நின்றது, பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல. அதற்கும் அடியில் ஒரு புள்ளி. டொக் டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும், டொக் டொக்.

கணினி அந்தப் புள்ளிகளைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டியது. பதிவுக் கோளாறு கண்டறியப்பட்டது, நீக்கவா?

பழக்க தோஷத்தில் விரல் போய்விட்டது. அழுத்துவதற்கு ஒரு கணம் முன்னால்தான் அது என்ன என்று அவனுக்கு உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடிக்கு அப்பால் ஆட்கள் காகிதக் கோப்பைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவன் மறுபடி மறுபடி கேட்டான். மனைவி போன நாளிலிருந்து எதையும் அவன் இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டதில்லை.

சுத்தம் செய்ததை சகலைக்கு அனுப்பிவிட்டு அக்காவைக் கூட்டிவந்தான்.

அக்கா ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாள். அவள் கல்நெஞ்சுக்காரி அல்ல. அவன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மெல்ல "ஐயோ" என்றாள். அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பள்ளியில். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நம்மாளுங்க யாராவது அங்க மாட்டிருக்காங்களா?"

"தெரியல. இல்லன்னு நெனைக்கிறேன்."

"ப்ச். இருந்தா முதல் செய்தியா போடலாம். சரி, ஏழு மணிக்குக் கடைசில போடுறேன். அவ சொல்றத கீழ எழுத்துல ஓட்டு. நாலு இருக்கட்டும்."

"சத்தம் போடாதீங்கன்னுதானேக்கா அவ சொல்றா."

"அவ அவங்ககிட்ட சொல்றா. நம்மகிட்டயா சொல்றா?" என்றாள் அக்கா. "சத்தம் இல்லன்னா கேபிள் போச்சுன்னு ரிமோட்ட எடுப்பான்."

"நாலு வேணாம்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எதையும் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. நாலு யாருடையது என்று அந்த அலுவலகத்தில் நினைவு வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

"புரியுதுப்பா. நான்தான் யோசிச்சிருக்கணும்" என்று அவன் தோளைத் தட்டினாள். "இன்னைக்கு ஒரு நாள் வேணாம். உனக்காக."

அவனுக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் இதுவும் போய்விடும் என்று விட்டுவிட்டான்.

நாலு மணிக்கு அடுத்த படம் வந்தது. அதே தெருமுனை. அதே சாய்ந்த விளக்குக் கம்பம். அந்தப் பெண் நின்ற இடத்தில் இப்போது மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று நின்று, கற்களை அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. பாதி இடம் சமமாகிவிட்டது. பெண்ணைக் காணோம். படத்துக்கு ஒலி இல்லை.

அக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "அதே இடமா? நல்லதாப் போச்சு. அதுக்கு அடுத்து இதையும் ஒட்டிடு. நேத்து, இன்னைக்குன்னு போடலாம்."

"அவ எங்க?"

"யாரு?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாழ்வாரத்தில் யாரோ கூப்பிட, போய்விட்டாள். அறையில் ஏசி குழாய் எங்கோ குளிர்ந்து சுருங்கி டொக் என்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அது இன்னொரு முறை வருமா என்று.

சகலை கூப்பிட்டார்.

"இப்ப நல்லா கேக்குது. ஆனா குனிஞ்சு பேசுறது வேற பேச்சு சகலை. மலைப் பக்கத்துக்காரங்க வீட்டுக்குள்ள பேசுறது. எனக்குப் பிடிபடல. எங்க ஓட்டல் சமையல்காரன் ஒருத்தன் அந்தப் பக்கம்தான். பழைய நம்பருக்கு அனுப்பி வெச்சிருக்கேன்."

"பதில் வருமா?"

"ஆள் இருந்தா வரும்."

அவன் எழுத்துகளை அடித்தான். ஜெனரேட்டரை நிறுத்துங்கள். என் மகள் உள்ளே இருக்கிறாள். தட்டுகிறாள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். கடைசி வாக்கியத்துக்கான இடத்தை வெற்றாக விட்டான். நாலை எடுத்தான். குரல் பெண் படித்ததை எடுத்தான். அவளும் அந்தத் தட்டலும் மட்டும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். ஊசி விழுந்தால் கேட்கும்போல் இருந்தது. இதைக் கேட்கிறவன் எவனும் ரிமோட்டைத் தொட மாட்டான் என்று நினைத்தான். யாரோ ஒருவன் எங்கோ ஒரு பெரிய மனிதருக்குப் போன் போடுவான். நாலு பேர் போட்டால் அந்த மஞ்சள் இயந்திரம் நிற்கும்.

ஏழு மணிச் செய்தியை ஒளிபரப்பு அறையில் நின்றே பார்த்தான். அந்த அறையின் பொறுப்பாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், குள்ளர். தலை நிமிராமலே "என்ன மியூட்டு, அதிசயமா இந்தப் பக்கம்?" என்றார்.

"கடைசிச் செய்தி பாக்கணும்."

"பாரு பாரு. காசா பணமா."

தேர்தல் வந்தது. விலைவாசி வந்தது. ஒரு யானை கிணற்றில் விழுந்து, ஊரே கூடித் தூக்கியது; அதற்கு நீளமான நேரம் கொடுத்திருந்தார்கள். பொறுப்பாளர் "அப்பாடா, காப்பாத்திட்டான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்தப் பெண் வந்தாள்.

கையை நீட்டினாள். உள்ளங்கையை அமுக்கிக் காட்டினாள். ஒலிபெருக்கியில் அவள் குரல், சன்னமாக, தெளிவாக. எழுத்துகள் ஓடின. அவள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள். டொக் டொக். அறையில் பொறுப்பாளர்கூட அசையவில்லை. அவள் குனியத் தொடங்கினாள்.

சுவரோரமிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சேனலின் விளம்பரப் பாட்டு வெடித்துக் கிளம்பியது. பத்துப் பேர் சேர்ந்து, கை தட்டி, எங்கள் செய்தி உங்கள் செய்தி என்று பாடினார்கள். திரையில் அந்தப் பெண் கற்களிடம் குனிந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு அவளுக்கு மேல் ஓடியது. மஞ்சள் இயந்திரத்துக்கு மேலும் ஓடியது. வணக்கம் சொன்ன செய்தி வாசிப்பாளர் மேல்தான் நின்றது.

எல்லாச் சேனலிலும் இருக்கும் பெட்டி அது. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சில நொடி இறங்கினால், ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, தானாகவே பாட்டைப் போட்டுவிடும். அவனுக்குத் தெரியாததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் அமைதியாக எதையும் அனுப்பியதில்லை. அதனால் அது நினைவிலேயே இல்லை. அவள் குரல் கேட்க வேண்டும் என்று இரைச்சலை அவ்வளவு சுத்தமாக வழித்திருந்தான். பெட்டிக்கு அவள் இருந்ததே தெரியவில்லை.

"லெவல் பாத்து அனுப்பக்கூடாதா?" என்றார் பொறுப்பாளர். "நல்லவேளை, பெட்டி காப்பாத்திச்சு. இல்லன்னா சேனலே போயிடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க."

அவன் தொலைபேசிப் பெண்ணிடம் போய்க் கேட்டான், யாராவது கூப்பிட்டார்களா என்று.

"ரெண்டு பேரு கூப்பிட்டாங்கண்ணா."

"என்ன கேட்டாங்க?"

"அந்த யானை ஆணா பெண்ணான்னு கேட்டாங்க."

அவன் தன் அறைக்குத் திரும்பினான். கோப்புறையைத் திறந்தான். நான்கைத் தேர்ந்தெடுத்து அழித்தான். வேறெங்கும் அதற்கு நகல் இல்லை. அந்த மேடும் மூன்று குன்றுகளும் திரையிலிருந்து போயின. அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

அக்கா கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல. சரி, பரவால்ல. மறுஒளிபரப்புக்கு ஒழுங்கா பண்ணிடு. காலைல இருந்ததையே வெச்சுடு."

"நாலு இல்லக்கா. அழிச்சிட்டேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் உண்மையாகவே ஈரம் வந்தது. "அழிச்சிட்டியா? உன் பொண்டாட்டி குரலப்பா அது."

"ம்."

"மனசத் தேத்திக்க." கதவை மூடப் போனவள் நின்றாள். "ஏழு இருக்குல்ல? அதுவும் பொம்பளைதான். அதப் போட்டுடு."

அவன் ஏழைப் போட்டான்.

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது போன் அடித்தது. சகலைதான். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம், குழாய்த் தண்ணீர்.

"சகலை, அவன் இருக்கான்யா. சமையல்காரன். இப்பத்தான் பதில் போட்டான்."

"என்ன சொன்னான்?"

"அவங்க ஊருக்கு வெளிய எங்கயோ கூடாரத்துல இருக்கானாம். பிள்ளைங்க ரெண்டும் இருக்காம். பொண்டாட்டியப் பத்தி எழுதல, நானும் கேக்கல."

"அவ என்ன சொன்னான்னு சொன்னானா?"

"சொன்னான். செய்தில வந்துச்சா?"

"இல்ல."

"சரி விடு. நீ போட்டாலும் எவன் பாக்கப்போறான்." குழாயை யாரோ மூடினார்கள். "அவங்க பேச்சுல தங்கம், கண்ணுன்னு ஒரு வார்த்தை இருக்காம். அதச் சொல்லித்தான் கூப்பிடுறாளாம். அப்புறம் இவ்வளவுதான் சொல்றா: 'ஒரு தடவ தட்டினாப் போதும் கண்ணு, எனக்குக் கேக்குது. ரெண்டு தடவ தட்டாத, கை வலிக்கும்.'"